எமிலி டிக்கின்சன்: கையெழுத்துக்கும் அச்சுக்கும் இடையில்

1866ஆம் ஆண்டு பிப்ரவரி 14 அன்று, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்திலிருந்து வெளிவந்த 'ஸ்பிரிங்ஃபீல்ட் ரிபப்ளிகன்' என்னும் நாளிதழில், பாம்பைப் பற்றிய கவிதை ஒன்று அச்சாகியிருந்தது. ஆசிரியர் பெயர் இல்லை. 'பாம்பு' என்ற தலைப்பும் இதழ் இட்டதே. அதை எழுதியவர் ஆமர்ஸ்ட் என்னும் சிற்றூரில் தந்தையின் வீட்டில் வாழ்ந்துவந்த 35 வயதுப் பெண், எமிலி டிக்கின்சன். அச்சான கவிதையைக் கண்டதும் அவர் தம் இலக்கிய நண்பர் தாமஸ் வென்ட்வொர்த் ஹிக்கின்சனுக்கு ஒரு கடிதம் எழுதினார். கவிதை தம்மிடமிருந்து களவாடப்பட்டது என்றும், மூன்றாம் அடியும் நான்காம் அடியும் ஒன்றாக ஓடவேண்டியவை, நிறுத்தற்குறி இட்டு அவற்றைப் பிரித்துவிட்டார்கள் என்றும் அதில் குறிப்பிட்டார்.

இரண்டு முறையீடுகள் இதில் உள்ளன. தம் இசைவின்றி அச்சிட்டது ஒன்று. தம் தொடரமைப்பைக் குலைத்தது மற்றொன்று. தாம் அச்சிடுவதில்லை என்று ஹிக்கின்சனிடம் முன்பே கூறியிருந்தமையால், தம்மைப் பொய்யர் என்று அவர் எண்ணிவிடக்கூடாதே என்ற கவலையும் அக்கடிதத்தில் தொனிக்கிறது. ஒரு நிறுத்தற்குறிக்காக இவ்வளவு வருந்திய கவிஞரின் படைப்புகள், அவர் இறந்தபின் ஏறத்தாழ 65 ஆண்டுகள் பிறர் இட்ட நிறுத்தற்குறிகளுடனேயே வாசிக்கப்பட்டன என்பது அமெரிக்க இலக்கிய வரலாற்றின் பெரிய முரண்களுள் ஒன்று. டிக்கின்சனின் வாழ்வை எழுதும்போது வெள்ளுடை, பூட்டிய அறை, நிறைவேறாக் காதல் என்பனவே முன்னிற்கின்றன. ஆனால் அவர் வரலாற்றின் மையக் கேள்வி வேறு: ஒரு பெண் எழுதிய சொல்லின் இறுதி வடிவத்தை முடிவுசெய்யும் உரிமை யாருக்கு உண்டு?

எமிலி 1830 டிசம்பர் 10 அன்று பிறந்தார். பாட்டனார் சாமுவேல் ஃபவுலர் டிக்கின்சன் 1821இல் ஆமர்ஸ்ட் கல்லூரி உருவாக முன்னின்றவர்களுள் ஒருவர். தந்தை எட்வர்ட் வழக்கறிஞர், அக்கல்லூரியின் பொருளாளர், ஒரு தவணை அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவை உறுப்பினராகவும் இருந்தார். மூத்தவர் ஆஸ்டின் என்னும் அண்ணன். இளையவர் லவினியா என்னும் தங்கை. ஆமர்ஸ்ட் அகாடமியில் ஏழாண்டுகள் பயின்ற எமிலி, லத்தீன், தாவரவியல், நிலவியல் ஆகியவற்றை முறையாகக் கற்றார். இளமையில் அவர் உலர்த்தி ஒட்டிய 424 தாவர மாதிரிகள், பெரும்பாலும் லத்தீன் பெயர்களுடன், இன்றும் ஹார்வர்டின் ஹூட்டன் நூலகத்தில் உள்ளன. அவர் கவிதைகளில் பூவும் வண்டும் வருவது வெறும் இயற்கை ரசனையால் அன்று. பெயரிட்டு வகைப்படுத்திப் பழகிய கண்ணால் என்பதை அந்தத் தொகுதி உணர்த்துகிறது.

1847இல் மவுண்ட் ஹோலியோக் பெண்கள் கல்வி நிறுவனத்தில் சேர்ந்தார். அதை நிறுவிய மேரி லயன், மாணவியரை அவர்களின் சமயநிலை கொண்டு மூன்று பிரிவாக்கியிருந்தார்: விசுவாசத்தை அறிவித்தவர்கள், நம்பிக்கை உள்ளவர்கள், நம்பிக்கை அற்றவர்கள். எமிலி மூன்றாம் பிரிவிலேயே எண்ணப்பட்டார். ஓராண்டு நிறைவதற்குள் வீடு திரும்பினார். பின்னர் ஆமர்ஸ்டில் வீசிய சமய எழுச்சியில் தந்தையும் தங்கையும் திருச்சபையில் சேர்ந்தபோதும் அவர் சேரவில்லை. ஊரே ஏற்றுக்கொண்ட ஓர் உறுதிமொழியைத் தம் வாயால் சொல்ல மறுத்தவர் அவர். அச்சின் வழக்கங்களுக்கு இணங்க மறுத்ததை இதனோடு சேர்த்தே காணவேண்டும்.

ஆனால் அவர் கற்ற யாப்பு திருச்சபையிலிருந்தே வந்தது. ஐசக் வாட்ஸ் போன்றோரின் துதிப்பாடல்களில் பயின்றுவரும் எட்டசை, ஆறசை அடிகள் மாறிமாறி வரும் 'பொது யாப்பு'தான் அவருடைய கவிதைகளில் மிகுதியும் காணப்படும் அடிப்படை வடிவம். நியூ இங்கிலாந்தில் வளர்ந்த எவர் காதிலும் ஊறிப்போன அந்தச் சந்தத்தை எடுத்துக்கொண்டு, அது தரும் உறுதிப்பாட்டை உள்ளிருந்தே குலைத்தார். முழு இயைபு வரவேண்டிய இடத்தில் ஈற்று மெய்யொலி மட்டும் ஒத்து உயிரொலி வேறுபடும் சரிவு இயைபை வைத்தார். அடியின் நடுவில் கோடிட்டுச் சந்தத்தை நிறுத்தினார். வினைச்சொற்களைக் காலமும் எண்ணும் காட்டாத அடிவடிவில் நிறுத்தினார். பெயர்ச்சொற்களின் முதலெழுத்தைப் பேரெழுத்தாக்கினார். இவை அறியாமைப் பிழைகள் அல்ல, ஒழுங்குடைய இலக்கணத் தேர்வுகள் என்பதை மொழியியல் நோக்கில் விரிவாக நிறுவிய நூல் கிறிஸ்டேன் மில்லரின் 'ஒரு கவிஞரின் இலக்கணம்' (1987).

அவருடைய மொழிக்கு இன்னோர் ஊற்று அகராதி. அமெரிக்க அகராதியியலின் முன்னோடி நோவா வெப்ஸ்டர் சில ஆண்டுகள் ஆமர்ஸ்டில் வாழ்ந்தவர்; கல்லூரி தோன்றவும் துணைநின்றவர். டிக்கின்சன் குடும்பத்தில் வெப்ஸ்டர் அகராதியின் 1844ஆம் ஆண்டுப் பதிப்பு இருந்தது. பல ஆண்டுகள் அகராதியே தமக்குத் துணை என்று எமிலி ஹிக்கின்சனுக்கு எழுதினார். அதை மிகைக்கூற்று என்று தள்ளிவிட முடியாது. சட்டம், வணிகம், நிலவியல், இறையியல் ஆகிய துறைகளின் சொற்களை அவர் துல்லியமான பொருளில் எடுத்து, பொருந்தாத சூழலில் நிறுத்துவதைக் காணலாம்.

1861 முதல் 1865 வரை நீடித்த உள்நாட்டுப் போர்க்காலமே அவர் மிகுதியாக எழுதிய காலம். ரால்ஃப் ஃபிராங்க்ளின் செய்த காலவரிசைப்படி 1863ஆம் ஆண்டுக்கு மட்டும் 295 கவிதைகள் உரியவை. 1862 மார்ச்சில் ஆமர்ஸ்ட் கல்லூரித் தலைவரின் மகன் ஃபிரேசர் ஸ்டெர்ன்ஸ் போரில் இறந்தது அந்த ஊரையே உலுக்கியது. எமிலியின் கடிதங்களில் அதன் அதிர்ச்சி பதிவாகியுள்ளது. காயமுற்ற வீரர்களுக்கு நிதி திரட்ட 1864இல் புரூக்ளினில் வெளிவந்த 'டிரம் பீட்' என்னும் இதழில் அவருடைய கவிதைகள் மூன்று பெயரின்றி அச்சாகியிருந்ததை, 1980களில் ஆய்வாளர் கரென் டேண்டுராண்ட் கண்டறிந்தார். போரை அறியாமல் அறைக்குள் இருந்தவர் என்ற படிமம் அதன்பின் தளர்ந்தது.

ஹிக்கின்சனுடனான தொடர்பும் போர்க்காலத்தில்தான் தொடங்கியது. 'அட்லாண்டிக் மந்த்லி' இதழின் 1862 ஏப்ரல் வெளியீட்டில் இளம் எழுத்தாளர்களுக்கு அறிவுரை கூறும் கட்டுரை ஒன்றை அவர் எழுதியிருந்தார். ஏப்ரல் 15 அன்று எமிலி அவருக்கு நான்கு கவிதைகளை அனுப்பினார். தம் கவிதையில் உயிர் இருக்கிறதா என்பதே அவர் கேட்டது. கடிதத்தில் கையொப்பம் இல்லை. உறைக்குள் இருந்த இன்னொரு சிறு உறையில், ஓர் அட்டையில் பெயர் இருந்தது. ஹிக்கின்சன் அடிமைமுறை எதிர்ப்பாளர், பெண்கல்விக்கு ஆதரவாளர், அதே ஆண்டின் இறுதியில், விடுதலை பெற்ற கறுப்பின வீரர்களைக் கொண்ட படைப்பிரிவுக்குத் தலைமை ஏற்கப் போனவர். அரசியலில் இவ்வளவு துணிவு கொண்டவருக்கும் இந்த யாப்பு ஒழுங்கற்றதாகவே தோன்றியது. அச்சிட அவசரப்பட வேண்டாம் என்றார். அச்சேறுவது தம் இயல்புக்கே அந்நியம் என்ற பொருளில் எமிலி விடை எழுதினார். திருத்தங்களுக்கு நன்றி கூறினார். ஆனால் அவற்றை ஏற்று எழுத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

பெண்ணுக்கு அச்சுலகம் மூடப்பட்டிருந்ததால் அவர் ஒதுங்கினார் என்று சொல்லிவிட முடியாது. அந்நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்காவில் பெண் கவிஞர்களுக்குப் பெரிய வாசகச் சந்தை இருந்தது. லிடியா சிகர்னி எழுத்தால் குடும்பத்தையே தாங்கினார். ஃபிரான்சிஸ் எலன் வாட்கின்ஸ் ஹார்ப்பர் என்னும் கறுப்பினக் கவிஞர் 1854இல் நூல் வெளியிட்டு, அடிமைமுறை ஒழிப்பு மேடைகளில் உரையாற்றிவந்தார். எமிலி பிறந்த அதே ஆண்டில் ஆமர்ஸ்டிலேயே பிறந்த ஹெலன் ஹன்ட் ஜாக்சன் புகழ்பெற்ற எழுத்தாளராகி, எமிலியை அச்சிடச் சொல்லி மீண்டும் மீண்டும் வற்புறுத்தினார். அவர் முயற்சியால் 1878இல் பெயரில்லாக் கவிதைகளின் தொகுப்பு ஒன்றில் எமிலியின் கவிதை ஒன்று வந்தபோது, அது எமர்சனுடையது என்று பலர் எண்ணினர். கதவு திறந்தே இருந்தது. ஆனால் நுழைவதற்கான விலை, பத்திரிகை ஆசிரியர்களின் திருத்தம். அந்த விலையைக் கொடுக்க அவர் மறுத்தார். உழைக்காமல் உண்ணக்கூடிய வீட்டில் பிறந்ததால்தான் அந்த மறுப்பு அவருக்கு இயன்றது என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

அச்சிட மறுத்தவர் எழுத்தை மறைத்தவர் அல்லர். வாழ்நாளில் அச்சானவை பத்துக் கவிதைகளே. எதிலும் அவர் பெயர் இல்லை. ஆனால் கடிதங்கள் வழியே நூற்றுக்கணக்கான கவிதைகள் நண்பர்களையும் உறவினரையும் சென்றடைந்தன. மிகுதியாகப் பெற்றவர் பக்கத்து வீட்டில் வாழ்ந்த அண்ணி சூசன் கில்பர்ட் டிக்கின்சன். அவருக்குச் சென்றவை சுமார் 250. இன்னொரு பக்கம், 1858 முதல் 1864 வரை எமிலி தம் கவிதைகளை நல்ல தாளில் படியெடுத்து, மடித்த தாள்களை அடுக்கி, ஓரத்தில் இரு துளைகள் இட்டு நூலால் தைத்தார். இவ்வாறு அமைந்த 40 சிற்றேடுகளில் 800க்கும் மேற்பட்ட கவிதைகள் உள்ளன. ஏட்டுக்குத் தலைப்பில்லை, ஆசிரியர் பெயரில்லை, பக்க எண்ணில்லை. அச்சகமும் பதிப்பகமும் இல்லாத ஒரு பதிப்புமுறை அது.

இந்தச் சிற்றேடுகளில் மொழியியலாளரை ஈர்ப்பது ஒரு சிறு கூட்டல் குறி. பல கவிதைகளில் ஒரு சொல்லின் அருகே அக்குறி இட்டு, பக்கத்தின் அடியிலோ ஓரத்திலோ மாற்றுச் சொற்களை எமிலி எழுதிவைத்தார். பல இடங்களில் எதையும் அடித்துவிடவில்லை. பதிப்பியலில் பாடபேதம் என்றால் ஏடெழுதுவோரால், காலப்போக்கில் நேர்வது என்றே பொதுவாகக் கொள்கிறோம். இங்கோ ஆசிரியரே, ஒரே பக்கத்தில், தெளிந்த மனத்துடன் பாடபேதங்களைப் படைத்து விட்டுச்செல்கிறார். ஒரு தொடரில் வந்த சொல்லுக்குப் பின்னால், வந்திருக்கக்கூடிய வேறு சொற்களின் வரிசை ஒன்று கண்ணுக்குத் தெரியாமல் நிற்கிறது என்பது சொசூர் முதல் யாகோப்சன் வரை மொழியியல் கூறிவரும் அடிப்படைக் கருத்து. டிக்கின்சனின் தாளில் அந்த வரிசை கண்ணுக்குத் தெரிகிறது. இதனை முடிவெடுக்க இயலாமை என்று கருதாமல், தேராமல் இருப்பதையே தேர்ந்த கவிதையியல் என்று ஷரன் கேமரன் 1992இல் வாதிட்டார். அச்சு இதற்கு இடம்தராது. அச்சுக்கோப்பவருக்கு ஒரு சொல்தான் வேண்டும்.

1886 மே 15 அன்று எமிலி இறந்தார், வயது 55. அவருக்கு வந்த கடிதங்களை, அக்கால வழக்கப்படி லவினியா எரித்தார். கவிதைகளின் குவியலைக் கண்டபோது, அவை அச்சாகவேண்டும் என்று உறுதிகொண்டார். முதலில் சூசனிடம் கொடுத்தார், பணி நகரவில்லை. பின்னர் ஆமர்ஸ்ட் கல்லூரி வானியல் பேராசிரியரின் மனைவி மேபல் லூமிஸ் டாடிடம் கொடுத்தார். இந்தக் கைமாற்றத்தில் ஒரு குடும்பத்தின் காயமும் கலந்திருந்தது. சூசனின் கணவர் ஆஸ்டினுக்கும் மேபலுக்கும் 1882 முதல் காதலுறவு இருந்தது. எமிலியின் வீட்டுக்குப் பலமுறை வந்து பியானோ வாசித்த மேபல், எமிலியை உயிரோடு நேருக்கு நேர் கண்டதே இல்லை. ஆமர்ஸ்டின் 'தொன்மம்' என்று எமிலியை ஊரார் அழைப்பதாக 1881இலேயே தம் பெற்றோருக்கு அவர் எழுதியிருந்தார்.

டாடும் ஹிக்கின்சனும் சேர்ந்து பதிப்பித்த முதல் தொகுப்பு 1890 நவம்பரில் பாஸ்டனின் ராபர்ட்ஸ் பிரதர்ஸ் வழியே வந்தது, 115 கவிதைகள். பதிப்பகத்துக்கு நம்பிக்கை இல்லாததால் அச்சுத் தகடுகளுக்கான செலவை லவினியாவே ஏற்கவேண்டியிருந்தது. நூலோ ஓராண்டுக்குள் பலமுறை மறு அச்சானது. 1891இலும் 1896இலும் மேலும் இரு தொகுப்புகள் வந்தன.

பதிப்பாசிரியர்கள் செய்தது என்ன? கோடுகளை நீக்கிக் காற்புள்ளியும் அரைப்புள்ளியும் இட்டார்கள். பேரெழுத்துகளைச் சிற்றெழுத்தாக்கினார்கள். இலக்கணத்தை ஒழுங்குபடுத்தினார்கள். வாழ்க்கை, காதல், இயற்கை, காலமும் நித்தியமும் என்று நான்கு தலைப்புகளில் கவிதைகளை அடைத்தார்கள். மரணம் வண்டியை நிறுத்தி ஒரு பெண்ணை ஏற்றிச்செல்லும் புகழ்பெற்ற கவிதை இதற்கு நல்ல சான்று. அதற்கு 'தேர்' என்று பொருள்படும் தலைப்பு இட்டார்கள். ஒரே சொல் இருமுறை அடியீற்றில் வருவதைத் தவிர்க்க ஒரு சொல்லை மாற்றினார்கள். நான்காம் பத்தியை முழுவதுமாக நீக்கினார்கள். கதிரவன் தங்களைக் கடந்துபோக, மெல்லிய ஆடையில் அந்தப் பெண் குளிரை உணரும் பத்தி அது. அது போனதும் கவிதையில் அச்சத்தின் நிழல் மறைந்து, மரணம் ஒரு நாகரிகமான மாலைப் பயணமாகிவிடுகிறது. பல்லாண்டுகள் வாசகர் அறிந்தது இந்த வடிவத்தைத்தான்.

ஆயினும் மேபல் டாடைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது வரலாற்றுக்கு நியாயமாகாது. படிப்பதற்கே கடினமான அந்தக் கையெழுத்தை ஆண்டுக்கணக்கில் தட்டச்சிலும் கையாலும் படியெடுத்தவர் அவர். தலைப்புகள் இடுவதில் ஹிக்கின்சன் காட்டிய ஆர்வம் அவருக்கு இருந்ததில்லை. அவர் உழைப்பு இல்லையெனில் 1890இல் நூலே இல்லை. பெண்ணின் எழுத்தைக் காப்பாற்றியவரும் அதை மாற்றியவரும் ஒருவரே என்பதுதான் இந்த வரலாற்றை எளிய தீர்ப்புக்கு அப்பால் கொண்டுசெல்கிறது.

மாற்றத்தைவிடக் கடுமையானது அழிப்பு. எமிலியின் சில கடிதங்களிலும் கவிதைகளிலும் சூசனைக் குறிக்கும் இடங்கள் சுரண்டப்பட்டும் வெட்டப்பட்டும் உள்ளன. சூசனைத் தம் இன்னொரு சகோதரியாகப் போற்றும் ஒரு கவிதை, சிற்றேட்டில் வரிவரியாக மையால் அடிக்கப்பட்டிருக்கிறது. சூசனுக்கு அனுப்பிய படி தப்பியதால் கவிதையும் தப்பியது. 1894இல் டாட் பதிப்பித்த கடிதத் தொகுப்பில் சூசனுக்கு எழுதிய கடிதம் ஒன்றுகூட இல்லை. இந்த அழிப்புகளை ஆராய்ந்த மார்த்தா நெல் ஸ்மித், எமிலியின் முதன்மை வாசகர் சூசனே என்றும், அந்த உறவை மறைத்ததால்தான் தனித்திருந்த துறவிப் பெண் என்ற படிமம் நிலைபெற்றது என்றும் காட்டினார்.

1895இல் ஆஸ்டின் இறந்தார். டாட் குடும்பத்துக்குக் கொடுத்த ஒரு சிறு நிலத்துண்டு குறித்து லவினியா தொடுத்த வழக்கு 1898இல் லவினியாவுக்குச் சாதகமாக முடிந்தது. மனம் கசந்த மேபல், தம்மிடம் இருந்த கைப்பிரதிகளைப் பெட்டியில் இட்டுப் பூட்டினார். ஏறத்தாழ 30 ஆண்டுகள் அது திறக்கப்படவில்லை. மீதியிருந்தவை சூசனின் மகள் மார்த்தா டிக்கின்சன் பியாங்கியிடம் இருந்தன. அவர் 1914 முதல் தனியே தொகுப்புகள் வெளியிட்டார். மேபலின் மகள் மில்லிசென்ட் டாட் பிங்காம் 1945இல் 600க்கும் மேற்பட்ட புதிய கவிதைகளை வெளிக்கொணர்ந்தார். தாய்மாரின் பகையை மகள்மார் பதிப்புகளால் தொடர்ந்தனர். இறுதியில் ஒரு பகுதி ஹார்வர்டுக்கும் மறுபகுதி ஆமர்ஸ்ட் கல்லூரிக்கும் போய்ச்சேர்ந்தது. ஒரே கவிஞரின் தாள்கள் இன்றும் இரு நிறுவனங்களில் பிரிந்திருப்பதற்குக் காரணம் இலக்கியம் அன்று. ஒரு தெருவின் இரு வீடுகளுக்கு இடையே நடந்த சண்டை.

1955இல் தாமஸ் ஜான்சன் மூன்று தொகுதிகளில் 1,775 கவிதைகளைக் கோடுகளுடனும் பாடபேதங்களுடனும் வெளியிட்டார். எமிலி இறந்து 69 ஆண்டுகளுக்குப் பின்னரே உலகம் அவர் இட்ட குறிகளைப் பெருமளவில் கண்டது. ஆனால் ஜான்சன் காலவரிசைப்படுத்தியதில் சிற்றேடுகளின் ஒழுங்கு மறைந்துபோனது. தையல் பிரிந்து கலைந்திருந்த அந்தத் தாள்களை, ஊசித் துளைகளையும் கறைகளையும் தாளின் வகையையும் கொண்டு மீண்டும் வரிசைப்படுத்தி, 1981இல் நிழற்படப் பதிப்பாக வெளியிட்டார் ஃபிராங்க்ளின். 1998இல் வந்த அவருடைய பாடபேதப் பதிப்பில் 1,789 கவிதைகள் உள்ளன. 2016இல் மில்லர் வெளியிட்ட பதிப்பு, எமிலி பாதுகாத்துவைத்த ஒழுங்கிலேயே கவிதைகளை அச்சிட்டு, மாற்றுச் சொற்களைப் பக்க ஓரத்திலேயே நிறுத்தியது. 2013 முதல் கைப்பிரதிகளின் நிழற்படங்களை இணையத்தில் எவரும் காணலாம்.

இருப்பினும் 1890இன் வேலை இன்னும் முடியவில்லை. முதல் தொகுப்புகளின் பதிப்புரிமை எப்போதோ காலாவதியாகிவிட்டது; ஜான்சன், ஃபிராங்க்ளின் பாடங்களுக்கு ஹார்வர்ட் உரிமை கோருகிறது. எனவே இணையத்தில் விலையின்றிப் பரவலாகக் கிடைப்பது பெரும்பாலும் திருத்தப்பட்ட பழைய பாடமே. கோடுகள் இல்லாமல், தலைப்புடன், ஒழுங்கான இயைபுடன் ஒரு டிக்கின்சன் கவிதை மாணவரின் திரையில் தோன்றினால், அது எமிலியின் பாடமா, பிறர் கைபட்ட பாடமா என்று முதலில் கேட்டாகவேண்டும். நடை பற்றியோ தொடரியல் பற்றியோ அந்தப் பாடத்தைக் கொண்டு எழுதும் ஆய்வு, எமிலியின் மொழியை ஆராய்வதாக எண்ணிக்கொண்டு, 1890இல் பாஸ்டன் வாசகருக்கு எது பிடிக்கும் என்று இருவர் செய்த ஊகத்தைத்தான் ஆராய்ந்துகொண்டிருக்கும். கைப்பிரதியின் படத்தைத் திறந்து ஒப்பிட்டுப் பார்க்க இன்று சில நிமிடங்கள் போதும். மூன்றாம் அடியும் நான்காம் அடியும் ஒன்று என்று 1866இல் முறையிட்டவருக்கு வாசகர் செய்யக்கூடிய குறைந்தபட்ச நியாயம் அது.